85 தாண்டினால் சாவடிக்கு வரக்கூடாதா?

"85 வயசு தாண்டினவங்க வீட்டிலேயேதான் ஓட்டுப் போடணும், சாவடிக்குக் கூட்டிட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று கோத்தகிரி பக்கம் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தப்பு. வீட்டு ஓட்டு அவரவர் விருப்பம், அதுவும் தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் 12டி படிவம் கொடுத்து, அது ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும். அவர்கள்தான் சாவடியில் போட முடியாது. மற்ற பாட்டி தாத்தாக்களை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து மேடு ஏற்றித் தாராளமாகக் கூட்டிப் போங்கள். கண் தெரியாதவர், தள்ளாமையால் தானே பட்டனை அழுத்த முடியாதவர் என்றால் துணைக்கு ஒருவர் கூடவே உள்ளேயும் போகலாம், ஆனால் துணைக்குப் போகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், அன்றைக்கு ஒருவருக்கு மட்டுமே (தெருவுக்கே நானே போட்டுக் கொடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள்). அப்புறம், வேட்பாளர் ஏற்பாடு செய்த இலவச ஜீப் வாசலில் நின்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(5) பிரிவில் அது தேர்தல் முறைகேடு.