பட்டறைக் கதவை மாலையிலும் திறந்து வையுங்கள்

காரைக்குடியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுத்ததால் வந்தது சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, முலாம் எப்படி ஒட்டுகிறது என்பதையெல்லாம் ஆராய்கிற நிலையம் அது. அப்படிப்பட்ட ஊரில், உலோக வேலை கற்க விரும்பும் முப்பது வயதுக்காரருக்கு வழி இவ்வளவு குறுகலாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐடிஐ என்னும் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல படிப்பும்கூட. 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தை மனதார வரவேற்றவன் நான். ஆனால் ஃபிட்டருக்கு இரண்டு ஆண்டு, வெல்டருக்கு ஓராண்டு. ஜவுளிக்கடையில் நின்று வீட்டு வாடகை கட்டுகிறவர் வேலையை விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்கார முடியுமா? முடியாதவர் என்ன செய்கிறார்? கடன் வாங்கி ஏஜெண்டிடம் கொடுத்து, வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஹெல்ப்பராகப் போகிறார். நம் பக்கத்துக் கிராமங்களில் இது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை.

ஹெல்ப்பருக்கும் வெல்டருக்கும் நடுவே இருப்பது ஒரு கைத்தேர்வு. குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது. ஆள்தான் சுற்றிவந்து பற்றவைக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வரும்போது உருகிய உலோகம் சொட்டப் பார்க்கும், கை நடுங்கக் கூடாது. உள்ளே காற்றுக்குமிழ் தங்கிவிட்டால் எக்ஸ்ரே படத்தில் கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். 6ஜி என்று தொழிலில் சொல்வது இதைத்தான். புத்தகம் படித்து இது வராது. வெல்டிங் ராடு எரித்து எரித்துத்தான் வரும்.

செலவும் அங்கேதான். தையல் வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் வாங்கிய இயந்திரம் பல ஆண்டு உழைக்கும். வெல்டிங் வகுப்பில் ராடு, தகடு, மின்சாரம் எல்லாம் அன்றன்றைக்கே தீர்ந்துபோகும். குறுகிய காலத் தொழிற்படிப்பு நடத்தும் நம் சமுதாயக் கல்லூரிகள் பலவும் உலோகத் தொழில் பக்கம் தயங்குவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முறையில், பகலில் வேலைக்குப் போகிறவர் மாலையில் வந்து வெல்டிங்கும், கணினி வழி இயங்கும் சிஎன்சி இயந்திர வேலையும் படிக்கலாம். என்ன கற்றுத்தர வேண்டும் என்று அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைக்காரர்களும் ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்து சொல்கிறார்கள். நமக்குத் திருச்சியில் கொதிகலன் செய்யும் பெல் (BHEL) ஆலையும், துவாக்குடியில் அதைச் சுற்றி இரும்பை வெட்டி ஒட்டிக் கட்டமைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இருக்கின்றன. அவர்களை அழைத்து உட்காரவைக்க என்ன தடை?

புதுக் கட்டடம் கேட்கவில்லை. இருக்கிற பொறியியல், பாலிடெக்னிக் பட்டறைகளை மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்துவிடுங்கள். ஆறு மாதப் படிப்பு, ஒரே தொழில், இருபது பேர் போதும். பெண்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர் வரை அளந்து பொருளின் அளவைச் சரிபார்க்கும் வேலைக்குத் தேவை கூரிய கண்ணும் பொறுமையும்தான். ராடுக்கும் தகடுக்கும் ஆகும் செலவை நம் நகரத்தார் அறக்கட்டளைகள் ஒரே ஓர் ஆண்டு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.