நைட்ரஜனுக்கு அடுத்து ஆக்சிஜன் இறங்குகிறது

தனிம அட்டவணையின் ஒரு தொடரில், அதாவது கிடைவரிசையில், இடமிருந்து வலமாகப் போகப் போக முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல்) கூடிக்கொண்டேதான் போகும், மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கினாலே எது எந்தத் தனிமம் என்று சொல்லிவிடலாம் என மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை அப்படியே எடுத்துச் சொல்வதால் இந்தத் திருத்தம்.

பொதுவான போக்கு அவர் சொன்னதுதான். ஆனால் இரண்டாம் தொடரிலேயே இரண்டு இடங்களில் மதிப்பு இறங்குகிறது. பெரிலியம் சுமார் 900 கிலோஜூல்/மோல், அடுத்து வரும் போரான் 801. நைட்ரஜன் 1402, அதை அடுத்த ஆக்சிஜன் 1314 மட்டுமே. வெறுமனே ஏறுவரிசையில் அடுக்கினால் 1402 ஆக்சிஜனுக்குப் போய்விடும், தேர்வில் விடை தவறாகும். ஆக்சிஜனில் ஒரு பி ஆர்பிட்டாலில் (ஆர்பிட்டால் என்பது அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் பகுதி; எஸ், பி என்பவை அதன் வகைகள்) மட்டும் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடியாக இருக்கின்றன. அவை ஒன்றையொன்று விலக்குவதால் ஒன்றை எடுப்பது எளிதாகிறது. போரானில் காரணம் வேறு: வெளியேறுவது 2எஸ்-ஐவிட ஆற்றல் கூடிய 2பி எலக்ட்ரான்.

சரிபார்க்க விரும்பினால், பாடநூல் அட்டவணையிலிருந்து லித்தியம் முதல் நியான் வரையுள்ள எட்டு மதிப்புகளை அணு எண்ணுக்கு எதிராக வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். இரண்டு பள்ளங்களும் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட்டின் தரவுத்தளத்திலும் பார்க்கலாம். அங்கே எலக்ட்ரான் வோல்ட் என்ற வேறு அலகில் நைட்ரஜன் 14.53, ஆக்சிஜன் 13.62. அப்புறம் மூன்றாம் தொடரில் மெக்னீசியம்–அலுமினியம், பாஸ்பரஸ்–கந்தகம் ஜோடிகளையும் ஒரு பார்வை பாருங்கள், அங்கும் இதே இறக்கம்தான்.