அந்தக் கரடி வீடியோவில அழுத பிள்ளைக்காக

ரெண்டு நாளாப் பொறுத்துப் பார்த்தனான். இனி ஏலாது. அந்த வீடியோவை எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பிப்போட்டினம். வில்பத்துக் காட்டில கரடி மரத்தில நிக்கேக்க ஒரு நாலு வயசுப் பிள்ளை அழுததையும், கரடியை எடுக்க ஏலாமல் போனவர் அந்தப் பிள்ளையை எடுத்துப் போட்டதையும் எல்லாரும் பார்த்திட்டியள். எனக்கு நெஞ்சுக்குள்ள நிக்கிறது அதுக்குக் கீழ கிடக்கிற கொமென்ற்றுகள். "பிள்ளையை அடக்கத் தெரியாததுகள் ஏன் காட்டுக்கு வருதுகள்?" "தாய்க்கு முதல் அறிவு வேணும்." "யாழ்ப்பாணத்து ஆக்களுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும்?" நாலு வயசுப் பிள்ளை அழுற முகத்தைக் கிட்டவா எடுத்துப் போட்டு, அதுக்குக் கீழ இவ்வளவும்.

அந்தத் தாய் ஒரு பதில் எழுதியிருக்கிறா. ஆரும் அதை வாசிச்ச மாதிரித் தெரியேல்லை. இரவு பன்னிரண்டரைக்கு வீட்டால வெளிக்கிட்டவை. பௌத்தரின்ர பொசன் பூரணை லீவு, அனுராதபுரத்துக்குக் கிட்டப் போக வாகனம் அசையேல்லை. வில்பத்து வாசலுக்குப் போகேக்க ஏழரை தாண்டிட்டுது. வானால இறங்கின உடன ஜீப். கரடி பாலை மரத்தில நிண்டது பத்து மணிக்குப் பிறகு. அப்ப அந்தப் பிள்ளை ஒழுங்கா நித்திரை கொண்டு எவ்வளவு நேரம்? பாயில படுத்து, சுடச்சுட ஏதாவது சாப்பிட்டு எவ்வளவு நேரம்? நீங்கள் எண்டால் அழமாட்டியளோ?

பிள்ளையில பிழை இல்லை. திட்டம் போட்ட பெரியாக்களில பிழை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போறன், கோவிக்காதேங்கோ.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுது எண்டால், அந்தத் தாயின்ர இடத்தில நானும் நிண்டனான். முந்தின வருசம் நாங்களும் அப்பிடித்தான் போனனாங்கள். ஒரு வான், பதின்மூண்டு பேர், ஒரே நாளில அனுராதபுரம், வில்பத்து, திரும்பி வரேக்க மடு மாதா கோயில். ஒழுங்கு செய்தவர் சொந்தக்காரர்தான், பேர் வேண்டாம். மாங்குளத்தில என்ர சின்னவன் சத்தி எடுத்தவன். வவுனியாவில திரும்ப. ஜீப்பில ஏறின நேரம் தொடங்கி ஒராள் "சிறுத்தை எங்க, சிறுத்தை எங்க" எண்டு சாரதியைக் கேட்டுக்கொண்டே வந்தவர். சின்னவனுக்கு ஒண்டுக்கு முட்டிட்டுது, கண்ட இடத்தில இறங்கவும் ஏலாது. காட்டுக்குள்ள தண்ணி தேங்கின ஒரு வில்லுக் கரையில, மான் கூட்டம் தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க, அவன் வாய்விட்டுக் கத்திப்போட்டான். மான் எல்லாம் ஓடிட்டுது. பக்கத்து ஜீப்பில இருந்தவை திரும்பிப் பார்த்தினம். நான் அவனுக்கு அடிச்சுப்போட்டன்.

அந்த அடி இண்டைக்கும் என்ர கையில கிடக்கு. அவன் மறந்திட்டான், நான் மறக்கேல்லை.

யோசிச்சுப் பாருங்கோ. யாழ்ப்பாணத்திலயிருந்து வில்பத்தின்ர ஹுனுவில்கம வாசல் 200 கிலோமீற்றருக்கு மேல. பூங்கா விடிய ஆறு மணிக்குத் திறந்து பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டுறது. விடியக் காலமை பிள்ளையளைக் களைக்கவிடாமல் உள்ளுக்குப் போகோணும் எண்டால் முதல் நாளே அங்க போய்ப் படுக்கிறதைத் தவிர வேற வழியே இல்லை. மூண்டு நாள் லீவு வந்தால் முதல் நாள் பகல் ஆறுதலாப் போய், பின்னேரம் பிள்ளையளைக் குளிக்க வார்த்து, வெள்ளண படுக்கவிட்டு, அடுத்த நாள் விடிய உள்ளுக்குப் போகலாம். முழுநாள் ஜீப் எடுக்காதேங்கோ. பத்து, பத்தரைக்கு வெளியில வந்திடுங்கோ. அதுக்குப் பிறகு அந்த வெக்கைக்குள்ள மிருகமும் நிழலில படுத்திடும், பிள்ளையும் சோர்ந்திடும். பொசன் லீவைத் தவிருங்கோ, அனுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்கும் வாற சனத்துக்குள்ள உங்கட வான் நகராது. பாலைப்பழக் காலத்தில கரடி மரத்தில ஏறும் எண்டு ஆசைப்பட்டு வைகாசி, ஆனியில போறியள், சரி. அதுக்கு இந்த ஒரு லீவு மட்டுமே கிடக்கு?

இன்னொண்டு. வில்பத்து 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல. எங்கட யாழ்ப்பாண மாவட்டத்தை விடப் பெரிசு. அந்தப் பெரிய காட்டுக்குள்ள நாலு மணித்தியாலத்தில சிறுத்தை வந்து முன்னால நிக்கோணும் எண்டு பிள்ளைக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனால், அது ஏமாந்து அழத்தான் செய்யும். அடுத்த வருசம் நாங்கள் தங்கி ரெண்டாந்தரம் போகேக்க, என்ர பிள்ளையளுக்கு நான் சிறுத்தை எண்ட சொல்லையே சொல்லேல்லை. காட்டுக்கோழி, மந்தி, புற்று, முதலை, கபரக்கொய்யான் (பெரிய உடும்பு மாதிரி), தண்ணிக்குள்ள நிக்கிற மரை, இவ்வளவும் காணலாம் எண்டு சொன்னனான். வில்லு எண்டால் என்ன எண்டும் சொன்னனான். மழைத்தண்ணி தேங்கி நிக்கிற பள்ளங்கள், ஆரும் கட்டின குளம் இல்லை. உள்ளுக்கு ஒரு வில்லுக்குப் பேர் பணிக்கர் வில்லு. யானை பிடிக்கிறவையைத்தான் பணிக்கர் எண்டுறது எண்டு சொல்ல மூத்தவள் கேட்ட கேள்விக்கு அளவே இல்லை.

"அப்ப காட்டு மிருகத்துக்குத் தொல்லை இல்லையோ?" எண்டு ஒரு தம்பி கேட்டிருந்தார். இருக்கு. சத்தம் போடக்கூடாது, அதில எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா கரடி நிண்ட அந்த மரத்தைச் சுத்தி எத்தினை ஜீப் நிண்டது எண்டு அதே வீடியோவில எண்ணிப் பாருங்கோ. எஞ்சின் இரைஞ்சுகொண்டு, ஒண்டையொண்டு இடிச்சுக்கொண்டு, கமெராவைத் தூக்கிக்கொண்டு நிண்ட அவ்வளவு பெரியாக்களும் தொல்லை இல்லை, ஒரு பிள்ளையின்ர அழுகை மட்டும் தொல்லை!

"ரெண்டு நாள் தங்க எங்களிட்டைக் காசு எங்க?" எண்டு கேட்பியள். இது நியாயமான கேள்வி. எங்களுக்கும் லேசில்லை. அதுக்குத்தான் ஒரு வருசம் பிந்திப் போனனாங்கள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு போனனாங்கள். அதுவும் ஏலாதெண்டால் சுண்டிக்குளம் போங்கோ. 1938 இல பறவைகள் சரணாலயம், 2015 இல தேசியப் பூங்கா ஆக்கினது, எங்கட வாசலிலயே கிடக்கு. அடர்காடு இல்லைத்தான். ஆனால் விடியப் போய் மத்தியானம் வீட்டுக்கு வரலாம். மாரியில பறவை வாற காலத்தில ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய், வாகனத்துக்குள்ள சத்தமில்லாமல் இருந்து பார்க்கப் பழக்குங்கோ. அதுக்குப் பிறகு வில்பத்து.

"சின்னப் பிள்ளையளை வீட்டில விட்டிட்டுப் போங்கோ" எண்டு சொன்ன அண்ணைக்கு என்ன சொல்லுறது? ஆரிட்டை விடுறது? எந்த வயசில கூட்டிக்கொண்டு போறது? வில்பத்து சண்டையால 1988 இல பூட்டினது, 2003 இல திறந்தது, திரும்பப் பூட்டி 2010 இலதான் திறந்தது. என்ர சின்ன வயசு முழுக்க அது பூட்டித்தான் கிடந்தது. திறந்திருந்தாலும் எங்களுக்கு ஆர் பாதை விட்டது? காட்டைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் எண்டு கேட்கிறியள். எங்களுக்குக் காடு எப்பிடித் தெரியும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?

ரெண்டாந்தரம் போகேக்க அம்மாவையும் வரச் சொன்னனான். முதல் மாட்டன் எண்டிட்டா. "காட்டுக்குக் காசு குடுத்தும் போறதோ" எண்டு கேட்டவா. 1995 ஒக்ரோபர் கடைசியில சண்டையால ஊரோட வெளிக்கிட்டு நடந்து, பிறகு வன்னியில மரத்துக்குக் கீழ கொட்டில் போட்டு இருந்த மனுசி. காடு எண்டால் அவவுக்குப் பாம்பும், மலேரியாவும், மழை ஒழுகுற தறப்பாளும். நான் வற்புறுத்தேல்லை. வெளிக்கிடுற அண்டைக்குத் தானே பையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில நிண்டவா.

ஜீப்புக்குள்ள அரைமணித்தியாலம் ஒண்டும் கதைக்கேல்லை. பேந்து ஒரு இடத்தில சாரதி எஞ்சினை நிப்பாட்டினார். காட்டுக்கோழி ஒண்டு குறுக்கால போகுது. அம்மா மேல பார்த்து, "இது பாலை" எண்டா. பழம் முடிஞ்சிட்டுது, ஆனா மரத்தை அறிஞ்சவா. "அது வீரை. அந்தா முதிரை." சின்னவன் அவவின்ர மடியில ஏறி, ஒவ்வொண்டையும் காட்டி "இது என்ன அம்மம்மா" எண்டு காதுக்குள்ள கேட்டவன். காதுக்குள்ள! முதல் வருசம் கத்தினதும் இவன்தான். நல்லா நித்திரை கொண்டு எழும்பின பிள்ளை, வயிறு நிறைஞ்ச பிள்ளை. அண்டைக்கு நாங்கள் சிறுத்தையும் காணேல்லை, கரடியும் காணேல்லை. அம்மா அந்தக் காலத்தில பாலைப்பழம் திண்டு பசி அடக்கினதை, பால் ஒட்டி உதடு பிசுபிசுத்ததை, முதல்தரம் எங்களுக்குச் சொன்னவா. நான் கேட்டு வளர்ந்த கதைகளுக்குள்ள அது இருக்கேல்லை.

இதை எழுதேக்க கண் கலங்குது, என்னவோ சொல்ல வந்து எங்கயோ போட்டன். சரி.

அந்த வீடியோவைப் போட்டவர் என்ர நட்புப் பட்டியலில இருக்கிற ரெண்டு பேருக்குத் தெரிஞ்சவர் எண்டு அறிஞ்சன். நீங்கள் கரடியை எடுக்கப் போனனீங்கள், கிடைக்கேல்லை, கோவம் வந்திருக்கும். விளங்குது. ஆனா அந்தப் பிள்ளையின்ர முகம் ஊர் முழுக்கச் சுத்துது. நாளைக்கு அது முன்பள்ளிக்குப் போகோணும். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கோ. அனுப்பின ஏழு பேரும் உங்கட போனில இருக்கிறதை அழிச்சுப்போடுங்கோ. நான் அழிச்சிட்டன்.