சிலாங்கூர் கடற்கரைக்கு நாள் குறிக்கும் முன் திதியைப் பாருங்கள்

கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூர், பூலாவ் கெத்தாம், மோரிப் என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது பள்ளி விடுமுறை. அடுத்தது பொது விடுமுறை. அதற்கும் அடுத்தது காடியில் எத்தனை பேர் உட்காரலாம் என்பது. இந்தக் கடற்கரைக்கு அந்த வரிசை சரிப்படாது. முதலில் பார்க்க வேண்டியது அன்றைக்கு என்ன திதி என்பதைத்தான். அதைப் பார்க்காமல் போய், "ஒண்ணுமே இல்ல, வெறும் சேறுதான்" என்று திரும்பி வந்து பதிவு போடுகிறார்கள். இடத்தின் மீது குறை இல்லை. போன நாளும் போன மணியும்தான் தப்பு.

காரணத்தைச் சொல்கிறேன். மலாக்கா நீரிணை வடக்கே அகலம். தெற்கே வர வரக் குறுகும், ஆழமும் குறையும். அந்தமான் கடல் பக்கமிருந்து உள்ளே வரும் நீர் ஒடுங்கி மேலே ஏறுகிறது. அதனால் கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டிவிடும். பினாங்கில் ஏறக்குறைய அதில் பாதிதான். அதோடு கிள்ளான், லங்காட், சிலாங்கூர் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலை அடித்துக்கொண்டு போகப் பெரிய அலை இங்கே கிடையாது; எதிரே சுமத்ரா மறித்து நிற்கிறது. தட்டையான சேற்றுக்கரை, பெரிய நீர் ஏற்ற இறக்கம். இரண்டும் சேர்ந்ததால்தான் ஒரே இடம் காலையில் கடலாகவும் மதியம் வயல்வெளி மாதிரியும் தெரிகிறது.

இந்தப் பகுதிக்கான கணக்கு எளிது. ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஏறி முடித்ததிலிருந்து இறங்கி முடிக்க ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். மறுநாள் இதே நிலை வர ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கிள்ளான், கோல சிலாங்கூர் பக்கம் காலை 6 மணி, மாலை 6 மணியை ஒட்டிக் கடல் நிறைந்திருக்கும். நண்பகலை ஒட்டி வற்றிக்கிடக்கும். அஷ்டமியை ஒட்டி இது தலைகீழாகும். நண்பகலில் நீர் நிறையும், ஆனால் ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு. மிகப் பெரிய ஏற்ற இறக்கம் அமாவாசை அன்றே வருவதில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்துப் பிரதமை, துவிதியையில்தான் வரும். இது தோராயக் கணக்கு. நிமிடக் கணக்கு வேண்டுமென்றால் நில அளவைத் துறையான ஜூப்பெம் ஆண்டுதோறும் வெளியிடும் பாசாங் சூருட் (கடல் ஏற்ற இறக்க) அட்டவணை இருக்கிறது. கைப்பேசியில் இலவசச் செயலிகளும் உண்டு. ஊர் என்ற இடத்தில் பெலாபுஹான் கிள்ளான் (கிள்ளான் துறைமுகம்) என்று போட வேண்டும், கோலாலம்பூர் என்று போட்டால் ஒன்றும் வராது.

இனி ஒவ்வோர் இடமாக வருகிறேன்.

ஸ்கை மிரர் என்று எல்லாரும் படம் போடுகிறார்களே, அது கோல சிலாங்கூருக்கு வெளியே, கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் மணல்திட்டு. நீர் நன்றாக இறங்கும் நாள்களில் மட்டும் வெளியே தலைகாட்டும். அதாவது அமாவாசை, பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்று, நான்கு நாள் பின்பு வரை. படகுக்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள். அவர்கள் சீன மாதத்தின் 1, 15 என்று சொல்வதும் இதே கணக்குதான். திட்டு எழும்பும் நேரம் நாளுக்கு நாள் மாறும். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு காலை 10 மணியை ஒட்டி என்றால், இரண்டு நாள் பின்பு மதியம் 1 மணியைத் தாண்டிவிடும். படகு அதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே ஜெட்டியை விட்டுக் கிளம்பிவிடும். "எங்களுக்கு 11 மணிக்குப் படகு வேண்டும்" என்று கேட்பதில் அர்த்தமில்லை. மணியைச் சொல்வது கடல்.

கண்ணாடி மாதிரி பிம்பம் விழ இரண்டு விஷயம் வேண்டும். கணுக்காலுக்குக் கீழே மெல்லிய நீர், காற்றில்லாத நேரம். முழங்கால் வரை நீர் நின்றால் சிற்றலை எழும், பிம்பம் உடையும். நீர் முழுக்க வடிந்தாலும் வெறும் மணல்தான். ஆகவே நல்ல படம் கிடைப்பது, வற்றும்போது ஒரு சிறிய இடைவெளியில், பிறகு நீர் திரும்பும்போது இன்னொரு சிறிய இடைவெளியில். சரியில்லாத திதியில் கூட்டிப்போகும் படகுகளும் உண்டு. போய் இறங்கினால் தொடை வரை தண்ணீர், காசு போனது போனதுதான். முன்பணம் கட்டும் முன்பே "அன்றைக்கு நீர் எத்தனை மீட்டருக்கு இறங்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த படகுக்காரரோடு போங்கள். திட்டில் நிழல் கிடையாது, கழிவறை கிடையாது, கிளிஞ்சல் காலைக் கிழிக்கும். பிள்ளைகளுக்கு வார் வைத்த செருப்பு கட்டாயம். ஜப்பான் சிலிப்பர் மணலில் புதைந்து கழன்றுவிடும். நீர் திரும்பி வரும்போது நாலா பக்கமும் சேர்ந்து வரும். படகுக்காரர் விசில் அடித்தால் இன்னொரு படம் என்று நிற்காதீர்கள்.

கம்போங் குவாந்தான் மின்மினி வேறு கணக்கு. இருட்டுதான் அதற்கு முக்கியம். கோல சிலாங்கூர் டவுனிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டரில் சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருக்கிறது. துடுப்புப் போடும் சம்பான், இயந்திரச் சத்தம் இல்லை. ஆற்றோரப் பெரெம்பாங் மரத்தின் இலைகளில்தான் பெரும்பாலும் இந்த இனம் கூடும். ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். ஆண் பூச்சிக்கு வயிற்றில் இரண்டு பட்டை வெளிச்சம், பெண்ணுக்கு ஒன்று. ஆண்கள் எல்லாம் ஒரே தாளத்தில் மின்னும். படகு மரத்தடியில் நின்று கண் பழகியதும் ஒரு கிளை மொத்தமும் சேர்ந்து அணைந்து சேர்ந்து எரிவது தெரியும்.

பலர் இங்கே செய்யும் தவறு பௌர்ணமி இரவை அழகென்று நினைத்துப் போவது. நிலா மேலே நின்றால் இந்தச் சின்ன வெளிச்சம் எடுபடாது. வளர்பிறை அஷ்டமி முதல் பௌர்ணமி தாண்டி இரண்டு நாள் வரை தவிர்த்துவிடுங்கள். தேய்பிறை சதுர்த்தி வந்துவிட்டால் கவலையில்லை. சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்களுக்குத் தெரியும், நிலா பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று. அந்த நிலா எழும்புமுன், 8 மணி வாக்கிலேயே மின்மினி பார்த்து முடித்துவிடலாம். அன்றிலிருந்து அமாவாசை தாண்டி நான்கைந்து நாள் வரை நல்ல இருட்டு.

கண் இருட்டுக்குப் பழக ஏறக்குறைய 20 நிமிடம் வேண்டும். ஜெட்டியில் வரிசையில் நிற்கும்போதே கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். சாதாரணக் கைப்பேசியில் மின்மினி படமும் வராது. திரை வெளிச்சம் உங்கள் கண்ணையும் கெடுக்கும், பக்கத்தில் இருப்பவர் கண்ணையும் கெடுக்கும். கொசு மருந்தைக் காடியில் இருக்கும்போதே தடவிக்கொள்ளுங்கள். படகில் ஏறிய பிறகு ஸ்பிரே அடித்தால் அது மரத்திலிருக்கும் பூச்சி மீதும்தான் படும். பிள்ளைக்குக் காட்ட ஒன்றே ஒன்று என்று கையில் பிடிப்பதும் வேண்டாம். இதன் புழு ஆற்றங்கரை ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையிலுள்ள புதரை வழித்துச் சுத்தம் செய்தால் மரம் நின்றாலும் பூச்சி வராது. ஆற்றங்கரைக் காட்டை விட்டுவைக்கச் சொல்லிக் குரல் கொடுப்பதில் நம் ஆள்களும் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோல சிலாங்கூர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆக, மணல்திட்டும் மின்மினியும் ஒரே நாளில் வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிய சனி, ஞாயிறுதான். பௌர்ணமி முதலாவதற்கு மட்டும் உதவும். அன்றைய ஓட்டம் இப்படி அமையும். காலையில் லத்தார் நெடுஞ்சாலை வழியாகக் கிளம்பினால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் கோல சிலாங்கூர். நண்பகலை ஒட்டி மணல்திட்டு. திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் புக்கிட் மெலாவத்தி. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, பிறகு சுல்தான் இப்ராஹிம் மீட்டெடுத்த கோட்டை மேடு அது. 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. மாலை 6 மணிக்கு அங்கிருந்து பார்த்தால் மதியம் காய்ந்துகிடந்த இடமெல்லாம் நீர். இருட்டியதும் மின்மினி. ஒரு விஷயம், அமாவாசையில் சைவம் கடைப்பிடிக்கும் வீடாக இருந்தால் ஊர் முழுக்கக் கடலுணவுக் கடை. டவுனில் வாழையிலைக் கடையை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெலாவத்தியில் கருஞ்சாம்பல் நிற லுத்தோங் குரங்கு சாதுவானது, அதன் குட்டி நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நீண்ட வால் கெரா குரங்கு அப்படியில்லை, பையைப் பறிக்கும். இரண்டுக்குமே தீனி கொடுக்காதீர்கள். படகில் பருந்துக்குக் கோழித்தோல் வீசுவதும் இதே ரகம். நாம் கருடன் என்று கும்பிடும் பறவை, மீனும் நண்டும் பிடித்துத் தின்ன வேண்டியது. எலும்பும் சத்தும் இல்லாத கொழுப்பைக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் என்று நினைக்க முடியாது. அந்த அங்கம் இல்லாத பயணம் கேளுங்கள்.

மேட்டின் அடிவாரத்தில் இயற்கைப் பூங்கா ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் நுழைவதில்லை. நீர் வற்றிய நேரத்தில் அலையாத்திக் காட்டுப் பலகைப் பாதையில் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும். சேறு நகரத் தொடங்கும். செவுளில் நீரை நிரப்பிக்கொண்டு தரையில் துள்ளும் பெலாச்சாக் மீன், தோல் காயாமலிருக்கச் சேற்றில் ஒருக்களித்துப் புரளும். பக்கத்தில் ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதான ஆண் நண்டு, அதைத் தூக்கித் தூக்கிக் காட்டும். பெண் நண்டு இரண்டு சின்னக் கொடுக்காலும் மாறி மாறிச் சேற்றை வாயில் வைத்து, வேண்டியதை உறிஞ்சிவிட்டு, மீதியைச் சிறு உருண்டையாக வெளியே வைக்கும். காலடிச் சத்தம் கேட்டால் எல்லாம் ஒரே நொடியில் வளைக்குள்.

பூலாவ் கெத்தாமுக்கு நாள் அஷ்டமி, நவமி. நல்ல காரியத்துக்கு நாம் ஒதுக்கும் அதே திதிகள்தான். தீவு முழுக்கக் கால் நட்டுக் கட்டிய வீடுகள். நண்பகலில் நீர் வற்றும் அமாவாசை அன்று போனால் வீடுகளுக்கு அடியில் சேறும் குப்பையும், வெயிலில் அந்த நாற்றமும்தான் கண்ணில் நிற்கும். அஷ்டமியில் மதியம் நீர் மேலே நிற்கும், கடலும் அமைதி. கொமுட்டர் ரயிலில் கடைசி நிலையமான பெலாபுஹான் கிள்ளானில் இறங்கினால் ஜெட்டி நடக்கும் தூரம். தீவில் காடி கிடையாது, சைக்கிள்தான். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டு வையுங்கள்.

நெல்வயல் பார்க்கப் போகும் செகிஞ்சானுக்குத் திதி தேவையில்லை, அறுவடைதான் கணக்கு. மே, ஜூனிலும் நவம்பர், டிசம்பரிலும் கதிர் முற்றியிருக்கும்.

மழையும் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் இந்தக் கரையில் மாலை இடிமழை வழக்கம். மழையில் மின்மினி இலைக்கு அடியில் போய்விடும், படகும் ஓடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு. ஆனால் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயற்காற்று வரும் காலம் அது. காலைப் படகைத் தள்ளிவைத்தால் கோபப்படாதீர்கள்.

மோரிப் பற்றி ஒரு வார்த்தை, குறிப்பாக ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் போகிறவர்களுக்கு. 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் படை அங்கே கரையிறங்கியபோது வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. கரை அவ்வளவு இளகல். தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் 10, 11 மணிக்கு வந்து சேர்ந்தால் கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும். வேட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் வயதானவர்கள் நடக்கிறார்கள். அன்று காலை 6 மணிக்குக் கடல் கரையிலேயே நிறைந்திருக்கும், 8 மணி வரை எட்டும் தூரத்தில் இருக்கும். அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். பேருந்து ஏற்பாடு செய்யும் ஆலயங்கள், சங்கங்கள், கோலாலம்பூரிலிருந்து 7 மணிக்குக் கிளம்பாமல் 5 மணிக்குக் கிளம்பினால் யாருக்கும் சிரமமில்லை.