கட்டணம் கேட்காத தளங்கள் விளம்பரத்தை நம்புவது ஏன்?

"மாதம் ஐம்பது ரூபாய் கேளுங்கள், கொடுத்துவிடுகிறோம், விளம்பரத் தொல்லை இல்லாமல் படிக்க விட்டால் போதும்" என்று, இலவச இணையதளங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது சொல்வதைக் கேட்கிறோம். அந்த எரிச்சல் நியாயமானது. கட்டுரையின் இரண்டாம் பத்தியை எட்டுவதற்குள் ஒரு வீடியோ திரையின் பாதியை அடைத்துக்கொள்கிறது. அதை மூடுவதற்கான பெருக்கல் குறி விரல்நுனியைவிடச் சிறிதாக இருக்கிறது. விரல் சற்று விலகினாலும், ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் ஏதோ ஒரு செயலியின் பக்கத்தில் போய் நிற்கிறோம். இருந்தாலும், கட்டணம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும், பேராசையினால்தான் தளம் நடத்துபவர்கள் அதைச் செய்யாமலிருக்கிறார்கள் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. விளம்பரத்தை நம்பும் ஏற்பாட்டுக்கு வலுவான காரணங்கள் உள்ளன. அதைக் கைவிட்டால் முதலில் வெளியே நிறுத்தப்படுபவர் காசில்லாத வாசகர்தான். நாம் எதிர்க்க வேண்டியது விளம்பரத்தின் பெயரால் நடக்கும் வேவு பார்ப்பதை.

வாசிப்பவரிடம் முழு விலையையும் வாங்காமல் விளம்பரதாரரிடம் வாங்கும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. 1833இல் பெஞ்சமின் டே நியூயார்க்கில் 'சன்' நாளிதழைத் தொடங்கியபோது மற்ற நாளிதழ்கள் ஆறு சென்டுக்கு விற்றன. அவர் ஒரு சென்ட் விலை வைத்தார். கூலி வேலை செய்பவர்களும் நாளிதழ் வாங்கத் தொடங்கினார்கள். வாசகர் பெருகியதும் விளம்பரம் பெருகியது. தமிழ்நாட்டில் 2005இல் கைமாறிய தினகரன் ஒரு ரூபாய்க்கு விற்கப்பட்டதும், அதன் விற்பனை வெகுவாக உயர்ந்ததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒரு ரூபாயில் அச்சுக் காகிதத்தின் விலைகூடத் தேறியிருக்காது. டீக்கடை பெஞ்சில் ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு இருபது பேர் படித்தாலும் பத்திரிகை முதலாளி வருத்தப்படுவதில்லை. அந்த இருபது பேரையும் கணக்கில் காட்டித்தான் விளம்பரக் கட்டணத்தை அவர் நிர்ணயிக்கிறார்.

இணையத்தை வடிவமைத்தவர்கள் பணம் வாங்குவதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. தேடிப் போன பக்கம் இல்லாதபோது திரையில் வரும் 404 என்ற எண்ணை எல்லோரும் பார்த்திருப்போம். அதே வரிசையில் 402 என்றோர் எண்ணும் உண்டு. பணம் செலுத்த வேண்டும் என்று உலாவிக்குச் சொல்வதற்கானது அது. எதிர்காலப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த எண் இன்றுவரை பொது வழக்கத்துக்கு வரவேயில்லை. உலாவிக்குள்ளேயே சில்லறை எடுத்துக் கொடுக்கும் வசதி அமைவதற்கு முன்பே, 1994 அக்டோபரில், ஹாட்வயர்ட் என்ற அமெரிக்க இணைய இதழின் தளத்தில் ஏடி அண்டு டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்துவிட்டது. தளத்துக்குப் பணம் வர ஒரு வழி கிடைத்துவிட்டபின், மற்றொரு வழிக்கான அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

அவசரப்பட்டிருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. ஒரு கட்டுரைக்கு ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தி முடிந்ததும் எழுத்துகள் மங்கி, மின்னஞ்சல் முகவரி கேட்கும் பெட்டி வருகிறது. பிறகு கடவுச்சொல். பிறகு கைபேசிக்கு வரும் ஓடிபி. பிறகு கார்டு எண்ணோ, யுபிஐ பின் எண்ணோ. இவை அத்தனையும் முடிந்தால்தான் கட்டுரை நன்றாக இருக்கிறதா என்பதே தெரியும். பொருளைப் பார்க்காமலேயே விலையைக் கொடுக்க வேண்டிய நிலை இது. 1990களின் இறுதியில் கணினி அறிஞர் நிக் சாபோ இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்: விலையை எவ்வளவுதான் குறைத்தாலும், இது அந்த விலை பெறுமா என்று மனத்துக்குள் முடிவெடுக்கும் சிரமம் அதே அளவுக்குக் குறைவதில்லை. யுபிஐ வந்தபின் பணம் கொடுப்பது எளிதாகிவிட்டது என்பது உண்மைதான். முடிவெடுப்பது எளிதாகவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முடிவு எடுக்கச் சொன்னால், பெரும்பாலானவர்கள் பக்கத்தை மூடிவிட்டுப் போவதையே தேர்ந்தெடுப்பார்கள்.

மாதச் சந்தா இந்தச் சிரமத்தை ஓரளவு குறைக்கும். ஆனால் அதற்குத் தானாகப் பணம் கழியும் ஏற்பாடு வேண்டும். 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, கார்டில் தானாகக் கழியும் தொகைக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு அனுப்ப வேண்டும், முதல்முறை கூடுதல் சரிபார்ப்பும் வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரைக் காக்கும் நல்ல விதி அது. ஆனால் அதற்குத் தயாராகாத வங்கிகளின் கார்டுகளில் ஓடிக்கொண்டிருந்த சந்தாக்கள் நின்றுபோயின. பெரிய நிறுவனம் அதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் தளத்துக்கு, போன சந்தாதாரரைத் திரும்ப அழைத்துவர ஆள் ஏது?

கட்டணத்தின் எல்லை எதுவென்று வாட்ஸ்அப் காட்டியிருக்கிறது. விளம்பரமே வைக்க மாட்டோம் என்று கொள்கையாகவே அறிவித்துத் தொடங்கிய நிறுவனம் அது. முதல் ஆண்டு இலவசம், பிறகு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் சற்றுக் குறைவு. இதைவிட மலிவான கட்டணம் இருக்க முடியாது. 2016 ஜனவரியில் அதையும் கைவிட்டார்கள். பயனர்களில் பலரிடம் டெபிட் கார்டோ கிரெடிட் கார்டோ இல்லை, முதல் ஆண்டு முடிந்ததும் குடும்பத்தோடும் நண்பர்களோடும் பேச முடியாமல் போய்விடுமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அதற்குள் 1,900 கோடி டாலர் விலைக்கு பேஸ்புக் அதை வாங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனாலும் அந்தக் காரணம் பொய்யில்லை. 2025இல் அதே வாட்ஸ்அப்பின் ஸ்டேட்டஸ் பகுதிக்கு விளம்பரம் வந்து சேர்ந்தது.

செய்தித் துறையில் இதற்குச் சிறந்த சான்று நியூயார்க் டைம்ஸ். 2005 செப்டம்பரில் அந்த நாளிதழ் தன் புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர்களின் கட்டுரைகளை ஆண்டுக்கு 49.95 டாலர் சந்தாவுக்குள் வைத்துப் பூட்டியது. அந்தச் சந்தாவுக்கென்றே பணம் கட்டியவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர். தோல்வி என்று யாரும் சொல்லக்கூடிய கணக்கில்லை. ஆனாலும் இரண்டே ஆண்டுகளில், 2007 செப்டம்பரில், பூட்டைத் திறந்துவிட்டார்கள். தேடுபொறிகள் வழியாக வந்த புதிய வாசகர்கள் பூட்டைக் கண்டு திரும்பிப் போனார்கள். அவர்களை உள்ளே விட்டால் விளம்பரத்தில் கிடைக்கக்கூடிய வருமானம் சந்தாவைவிட வேகமாக வளரும் என்று கணக்கிட்டார்கள். 2011இல் அவர்கள் மீண்டும் கட்டணத்துக்கு வந்தபோது மாதம் இருபது கட்டுரைகளை இலவசமாகத் திறந்து வைத்துவிட்டுத்தான் வந்தார்கள். இன்று அந்த நிறுவனத்துக்கு ஒரு கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில், உலகம் முழுவதும் வாசகர் இருக்கிற, 1851 முதல் நடக்கிற ஒரு நாளிதழால் முடிந்தது அது. அதைக் காட்டி ஒரு சிறிய தமிழ்த் தளத்திடம் "நீங்களும் செய்யலாமே" என்பது நியாயமாகாது.

"விளம்பரம் வேண்டாம் என்பவரிடம் மட்டும் பணம் வாங்கிக்கொள்ளலாமே" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கலும் உண்டு. 2023இன் கடைசிக் காலாண்டில் முகநூல் ஒரு பயனரால் ஈட்டிய சராசரி வருமானம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 68 டாலர். ஆசிய பசிபிக் பகுதியில் ஐந்தரை டாலர். அந்நிறுவனத்தின் வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் விளம்பரத்திலிருந்துதான் வருகிறது. எல்லோருக்கும் ஒரே சந்தாத் தொகையை வைத்தால் சென்னையில் இருப்பவருக்கு அது தாங்காது, சிகாகோவில் இருப்பவரால் நிறுவனத்துக்கு நட்டம். அதோடு, பணம் கட்டி விளம்பரத்தை நீக்கிக்கொள்ளக் கூடியவர் யார்? கையில் காசு இருப்பவர். விளம்பரதாரர் தேடுவதும் அவரைத்தான். அவர்கள் விலகிவிட்டால் எஞ்சியிருக்கும் வாசகர்களைக் காட்டிப் பெறும் விளம்பரத்தின் விலை சரிந்துவிடும்.

தமிழுக்கு வருவோம். பிறர் நடத்தும் தளங்களில் விளம்பரம் போட்டு, வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதிய தளங்களுக்கு, வாசகர் எவ்வளவு பேர் வந்தாலும், உலகின் மிகப்பெரிய விளம்பரச் சந்தை முறைப்படித் திறந்திருக்கவில்லை. சொந்தக் காசில் சர்வர் வாடகை கட்டி, டொமைன் புதுப்பித்து, ஒரு நாள் முடியாமல் போய்ப் பல தளங்கள் நின்றுபோயின. அவற்றில் இருந்த எழுத்துகளில் பெரும்பகுதி இன்று எங்கும் கிடைப்பதில்லை. விளம்பரத்தை ஒட்டுமொத்தமாகக் கரித்துக்கொட்டுபவர்கள் இந்த இழப்பை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். அப்பாவின் கைபேசியில் இரவு அரைமணி நேரம் படிக்கக் கிடைக்கும் அரசுப் பள்ளி மாணவிக்கு, கட்டணம் வாங்கும் தளம் இல்லாத தளத்துக்குச் சமம்தான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கிராமத்து நூலகர்கள், தம் பெயரில் வங்கிக் கணக்கில் பணமே இல்லாத பெண்கள் ஆகியோரும் அந்தப் பூட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள்.

இத்தனையும் சொன்னபின், இன்றைய விளம்பர முறையை நான் அப்படியே ஆதரிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பக்கத்தை நாம் திறந்ததும், அது முழுமையாகத் தெரிவதற்குள், அதில் விளம்பரத்துக்கென்று விட்டிருக்கும் காலி இடம் ஏலத்துக்குப் போகிறது. நாம் எந்த ஊரில் இருக்கிறோம், என்ன கைபேசி வைத்திருக்கிறோம், இதற்கு முன் எதைத் தேடினோம் என்பன போன்ற விவரங்கள் நமக்குப் பெயர்கூடத் தெரியாத பல நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் ஒருவர்தான் வெல்கிறார். விவரம் எல்லோர் கையிலும் போய்ச் சேர்கிறது. இதில் தளத்துக்காவது முழுப் பணம் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டனில் விளம்பரதாரர்களின் சங்கம் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொடுக்கப்பட்ட பணத்தில் ஏறத்தாழ பாதிதான் தளங்களைச் சென்றடைந்தது. பதினைந்து விழுக்காடு எங்கே போனதென்றே அந்த ஆய்வாளர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த ஆபத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே உணர்ந்தவர்களில் கூகுளை நிறுவிய இருவரும் அடக்கம். விளம்பரத்தால் நடக்கும் தேடுபொறி, பயனரின் தேவையை விட்டு விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று 1998இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதியவர்கள் அவர்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்களே விளம்பரத்துக்கு வந்தார்கள்.

ஐரோப்பாவில் 2023 நவம்பரில் முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா, மாதம் 9.99 யூரோ கொடு அல்லது வேவு பார்க்க ஒப்புக்கொள் என்று பயனர்களுக்கு இரண்டே வழிகளை வைத்தது. ஐரோப்பிய ஆணையம் அதை ஏற்காமல் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த முடிவை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். அந்தரங்கம் காசு கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டால், ஏழைக்கு அது இல்லாமலே போகும்.

விளம்பரமும் இல்லாமல் கட்டணமும் இல்லாமல் நடப்பவை இல்லையா? இருக்கின்றன. 2002இல் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததற்கே ஸ்பானிய விக்கிப்பீடியர்களில் பலர் பிரிந்து போய்த் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். விக்கிப்பீடியா இன்றுவரை நன்கொடையில்தான் நடக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் சங்க இலக்கியம் முதலான நூல்களை யாருக்கும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கு நான் என்றென்றும் நன்றியுள்ளவன். ஆனால் அன்றாடம் செய்தி சேகரித்து, நிருபருக்குச் சம்பளம் கொடுத்து நடத்த வேண்டிய தளத்தைத் தன்னார்வத்தால் மட்டும் நடத்திவிட முடியாது.

அதனால் நான் கேட்பது வேவு பார்க்காத விளம்பரத்தை. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்காக விளம்பரம் விற்கும் ஸ்டெர், 2020 ஜனவரியில் பயனரைப் பின்தொடர உலாவியில் போட்டு வைக்கும் குக்கிகள் என்ற சிறு கோப்புகளை முழுவதும் கைவிட்டது. பார்ப்பவர் யார் என்பதை விட்டுவிட்டு, அவர் அப்போது பார்க்கும் நிகழ்ச்சி எது என்பதை வைத்து மட்டும் விளம்பரம் கொடுத்தது. அடுத்த இரு மாதங்களிலும் அதன் வருமானம் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. இடைத்தரகர்களுக்குப் போன பங்கு மிச்சமானது ஒரு காரணம். நம் தளங்களுக்கும் இது எட்டாத காரியமன்று. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது நூல் மதிப்புரைப் பக்கத்தில் பதிப்பகங்களின் விளம்பரத்தையும், சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் செக்கு எண்ணெய் விற்பவரின் விளம்பரத்தையும் தளம் நடத்துபவரே நேரடியாகப் பேசி வாங்கி, ஒரு மாதத்துக்கு ஒரே படமாகப் போட்டுவிடலாம். அந்தப் படம் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை, திரையை மறைக்க வேண்டியதில்லை. படிப்பவர் எந்த ஊர், முந்தின நாள் எதைத் தேடினார் என்ற விவரம் பதிப்பகத்தாருக்கும் தேவையில்லை, எண்ணெய் விற்பவருக்கும் தேவையில்லை.