தாட்சரைக் கிண்டலடிக்க எழுதியதல்ல ‘யெஸ் மினிஸ்டர்’

பிபிசியின் ‘யெஸ் மினிஸ்டர்’ நகைச்சுவைத் தொடரைப் பற்றி, “தாட்சரைக் கேலி செய்யவே எடுத்த தொடர், அவருக்கு அறவே பிடிக்காது” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, நண்பரே.

1979 மே மாதம் தாட்சர் பிரிட்டனின் பிரதமர் ஆவதற்கு முன்பே முதல் அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். தேர்தல் நேரம் என்பதால் பிபிசி அதை நிறுத்தி வைத்து, 1980 பிப்ரவரியில்தான் ஒளிபரப்பியது. கதையில் வரும் அமைச்சர் ஹேக்கர் எந்தக் கட்சி என்று தொடர் முழுக்கச் சொல்லவே மாட்டார்கள். எந்தக் கட்சி வந்தாலும் நாற்காலியில் அசையாமல் இருப்பவர் அவருடைய துறைச் செயலாளரான அரசு அதிகாரி ஹம்ப்ரி. தொடரின் உயிரே அதுதான். நோயாளி ஒருவர்கூட இல்லாத மருத்துவமனையில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை பார்ப்பதை ஹம்ப்ரி முகம் மாறாமல் நியாயப்படுத்துவாரே, அந்தக் காட்சியில் எந்தப் பிரதமர் இருக்கிறார்?

தாட்சரோ இதன் பரம ரசிகை. 1984 ஜனவரியில் ஒரு விருது விழாவில் ஹேக்கராக நடித்த எடிங்டன், ஹம்ப்ரியாக நடித்த ஹாத்தோர்ன் இருவருடனும் மேடையேறி ஒரு குறுநாடகத்தில் நடித்தார். பொருளாதார நிபுணர்களையே ஒழித்துவிட வேண்டும் என்று பிரதமராகவே வரும் தாட்சர், ஹேக்கரிடம் சொல்வதுதான் அதன் கதை. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள். இவ்வளவு நல்ல தொடரை ஒரு கட்சிக்கான பிரச்சாரமாகச் சுருக்குவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.