முதல் டெஸ்ட் என்ன, பயிற்சி ஆட்டமா?

"சூழலுக்குப் பழகிக்கொள்ளப் போதிய அவகாசம் கிடைக்கவில்லை." வெளிநாட்டுக்குப் போய் முதல் டெஸ்டைத் தோற்ற எந்த அணியாவது இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கிறதா? கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த அவகாசத்தை அவர்களிடமிருந்து யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று அவர்களே தள்ளிவிட்டார்கள்.

2018 ஜனவரி 8, திங்கட்கிழமை. கேப்டவுன் டெஸ்டின் நான்காம் நாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தேன். தென்னாப்பிரிக்காவை 130 ரன்னுக்குச் சுருட்டினார்கள் நம் பந்துவீச்சாளர்கள். இலக்கு வெறும் 208. எட்டிவிடுவோம் என்றுதான் நம்பினேன். தென்னாப்பிரிக்காவின் பிலாண்டர் ஆறு விக்கெட் எடுத்தார். 135 ரன்னில் கதை முடிந்தது. தோல்வி 72 ரன்னில். அந்தத் தொடருக்கு முன் பார்ல் நகரில் இரண்டு நாள் பயிற்சி ஆட்டம் ஒன்று அட்டவணையில் இருந்தது. அதை ரத்து செய்துவிட்டு வலைப்பயிற்சி போதும் என்று முடிவு செய்தார்கள். அடுத்து செஞ்சூரியனிலும் தோற்றுத் தொடரைப் பறிகொடுத்த பிறகு, ஜோகன்னஸ்பர்கில் அபாரமாக ஆடி 63 ரன்னில் ஜெயித்தார்கள். அந்த வெற்றியைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. திறமை இருந்திருக்கிறது! அதைத் தட்டி எழுப்பவே இரண்டு டெஸ்ட் செலவாகியிருக்கிறது.

பாடம் கற்றார்களா? அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்து போனார்கள். செம்ஸ்ஃபோர்டில் எசெக்ஸ் என்ற உள்ளூர் அணியோடு நான்கு நாள் பயிற்சி ஆட்டம். அதை மூன்று நாளாக வெட்டினார்கள். அதில் இரண்டு இன்னிங்ஸிலும் ரன் எடுக்காமல் ஆட்டமிழந்த தொடக்க ஆட்டக்காரர் தவானை அப்படியே எட்ஜ்பாஸ்டனில் முதல் டெஸ்டில் இறக்கினார்கள். ஆடிய ஆட்டத்தையாவது மதிக்க வேண்டாமா? 194 ரன் இலக்கைத் துரத்தி 162-இல் சுருண்டு 31 ரன்னில் தோற்றோம். அடுத்து லார்ட்ஸில் 107-க்குச் சுருண்டோம், பிறகு 130-க்கு. தொடரை 4-1 என்று இழந்தோம்.

பயிற்சி ஆட்டம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நான் மாவட்ட லீகில் மேட்டிங் விக்கெட்டில், அதாவது பாய் விரித்த ஆடுகளத்தில், ஆடி வளர்ந்தவன். முதன்முதலாகப் புல்தரை ஆடுகளத்தில் ஆடப் போனபோது, மூன்று நாள் வலையில் நன்றாகத்தான் அடித்தேன். ஆட்டத்தில் இறங்கினால் கால் நகரவில்லை. பாயில் மார்புக்கு எழும்பிய அதே அளவுப் பந்து இங்கே முட்டிக்குக் கீழே வந்தது. வலையில் அவுட்டானால் அடுத்த பந்தை ஆடலாம். ஆட்டத்தில் அவுட்டானால் உடுப்பறைக்கு நடக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை எந்தப் பந்துவீச்சு இயந்திரமும் கற்றுத் தராது. விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில் கேட்சுக்காக நிற்பவனுக்கு அந்த ஊர் வெளிச்சத்தில் பந்து கண்ணுக்குப் பிடிபடச் சில மணி நேரம் ஆகும். வேகப்பந்து வீச்சாளன் இருபது ஓவர் வீசிவிட்டு மறுநாள் காலை எழுந்து மறுபடி ஓடிவர உடம்பு பழக வேண்டும். ஒரு சாதாரண லீக் ஆட்டக்காரனுக்கே இவ்வளவு தேவைப்பட்டது என்றால், மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தை அந்நிய மண்ணில் சந்திப்பவனுக்கு எவ்வளவு தேவைப்படும்?

ஒரு காலத்தில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. 1948-இல் பிராட்மன் தலைமையில் இங்கிலாந்து போன ஆஸ்திரேலிய அணி மொத்தம் 34 ஆட்டங்கள் ஆடியது. அதில் டெஸ்ட் ஐந்தே ஐந்து. ஏப்ரல் கடைசியில் வூஸ்டரில் தொடங்கியவர்கள் ஜூன் 10 அன்றுதான் முதல் டெஸ்டில் கால் வைத்தார்கள். ஒன்றில்கூடத் தோற்காமல் ஊர் திரும்பினார்கள். போகும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றபோது அங்கும் இறங்கி ஒரு நாள் ஆட்டம் ஆடினார்கள். இலங்கைக்குத் தலைமை நம் மகாதேவன் சதாசிவம். ஆடுகளத்தின் நீளம் 22 கஜத்துக்குப் பதில் 20 கஜம்தான் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. ஆடுகளம் குட்டையாக இருந்தாலும் அது ஆட்டம்! கொழும்பு ரசிகன் பிராட்மனைத் தன் கண்ணால் பார்த்தான்.

அவ்வளவு பழைய கதை வேண்டாம் என்றால் 1998-க்கு வாருங்கள். பிப்ரவரி கடைசி, மும்பை பிரேபோர்ன் மைதானம். ஆஸ்திரேலியாவின் சுற்றுப்பயணத்தில் முதல் ஆட்டம் மும்பை அணியோடு. மும்பையின் கேப்டன் சச்சின். உடம்பு சரியில்லை என்று ஒதுங்கியிருக்கலாம், டெஸ்டுக்குத் தெம்பைச் சேமிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வந்து ஆட்டமிழக்காமல் 204 அடித்தார். ஆஸ்திரேலியாவின் சுழல் மன்னன் ஷேன் வார்ன் 16 ஓவரில் 111 ரன் கொடுத்தார், விக்கெட் கிடையாது. மும்பை பத்து விக்கெட்டில் ஜெயித்தது. ஆனால் அந்த இன்னிங்ஸ் முழுவதும் வார்ன் ரவுண்ட் த விக்கெட்டில், அதாவது ஸ்டம்பின் மறுபக்கமாக வந்து, வீசவில்லை என்பதைச் சச்சின் குறித்துவைத்துக்கொண்டார். அதை டெஸ்டுக்கு ஒளித்து வைக்கிறார் என்று புரிந்துகொண்டார். சென்னைக்கு வந்து முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சிவராமகிருஷ்ணனை அதே கோணத்தில், லெக் ஸ்டம்புக்கு வெளியே கரடான இடத்தில் பந்து வீசச் சொல்லிப் பழகினார். சேப்பாக்கத்தில் முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னிடமே வீழ்ந்தவர், இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 155. அந்த 155-இன் விதை பிரேபோர்னில் விழுந்தது. ஒரு பயிற்சி ஆட்டத்தில் இருவர் ஒருவரையொருவர் எடைபோட்டார்கள், ஒளித்தார்கள், கண்டுபிடித்தார்கள். இது அல்லவா கிரிக்கெட்!

இப்போது பயிற்சி ஆட்டம் என்ற பெயரில் நடப்பது என்ன? ஒரு பக்கத்துக்கு 14 பேர், 16 பேர். பதினொருவருக்கு மேல் ஆடியதால் முதல் தரப் போட்டி என்ற அதிகாரபூர்வத் தகுதி கிடையாது. ஐம்பது அடித்தவன் வெளியே போகிறான், அவுட்டானவன் மறுபடி மட்டையோடு வருகிறான். இதற்கு ஸ்கோர் எழுதுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பயமில்லாத இடத்தில் என்ன பயிற்சி?

விருந்துக்கு அழைப்பவர்கள், அதாவது தொடரை நடத்தும் நாட்டு வாரியங்கள், செய்யும் வஞ்சகம் தனி. இதில் நம் வாரியமும் குற்றவாளிதான், சொல்லாமல் விட மாட்டேன். 2012-இல் இங்கிலாந்து இங்கே வந்தபோது பயிற்சி ஆட்டங்களில் அவர்களுக்குத் தரமான சுழற்பந்து வீச்சாளர்களைக் கண்ணில் காட்டவில்லை. இந்தியா ஏ அணியில் ஐந்து விக்கெட் எடுத்தது மட்டையாளரான யுவராஜ் சிங்! டெஸ்டில் மட்டும் அஸ்வினும் ஓஜாவும். அகமதாபாதில் ஜெயித்தோம், உண்மை. அப்புறம் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடி வாங்கி, தொடரை 2-1 என்று சொந்த மண்ணிலேயே இழந்தோம். 2023-இல் ஆஸ்திரேலியர்கள் பயிற்சி ஆட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு பெங்களூரு அருகே ஆலூரில் போய் முகாமிட்டார்கள். முன்பு வந்தபோது பயிற்சி ஆட்டத்துக்குப் பச்சைப் புல் ஆடுகளம் கொடுத்தார்கள், அதனால் பயனே இல்லை என்று அவர்களின் மட்டையாளர் ஸ்மித் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னதில் என்ன தவறு? சுழலும் மண்ணில் ஆட வந்தவனுக்குப் புல்லைக் காட்டுவது எந்த ஊர் விருந்தோம்பல்? ஆலூர் முகாமும் அவர்களைக் காப்பாற்றவில்லை. நாக்பூரில் இன்னிங்ஸ் தோல்வி.

உடனே ஒருவர் எழுந்து, 2024-இல் பெர்த்தில் முறையான பயிற்சி ஆட்டம் இல்லாமலே இந்தியா 295 ரன்னில் ஜெயித்ததே என்பார். ஹைதராபாதில் இங்கிலாந்து 28 ரன்னில் ஜெயித்ததே என்பார். ஜெயித்தார்கள், மறுக்கவில்லை. பெர்த்தில் பந்து வீசிய பும்ராவும் ஹைதராபாதில் 196 அடித்த இங்கிலாந்தின் போப்பும் எல்லாத் தொடருக்கும் வந்து நிற்பார்களா? அந்த இரண்டு தொடரும் எப்படி முடிந்தன? பெர்த்தில் ஜெயித்தவர்கள் 3-1 என்றும், ஹைதராபாதில் ஜெயித்தவர்கள் 4-1 என்றும் தோற்றுத் திரும்பினார்கள்.

அட்டவணையில் இடமில்லை என்பதுதான் அடுத்த சாக்கு. ஐபிஎல்லுக்கு இரண்டு மாதம் இடம் இருக்கிறது. தொடர் முடிந்த மூன்றாம் நாளே தொடங்கும் இருபது ஓவர் ஆட்டங்களுக்கு இடம் இருக்கிறது. மூன்று நாள், ஒரே ஒரு மூன்று நாள் ஆட்டத்துக்கு மட்டும் இடம் இல்லையா?

2025-இல் இங்கிலாந்து போன இந்திய அணி பெக்கன்ஹாமில் தனக்குள்ளேயே ஆடிக்கொண்டது, அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு லீட்ஸில் ஐந்து சதம் அடித்தும், கேட்ச்களை வரிசையாகக் கோட்டைவிட்டுத் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்து ஆஷஸ் தொடருக்கு ஆஸ்திரேலியா போய், பெர்த்தில் தன் இரண்டாம் நிலை அணியான லயன்ஸோடு ஓர் ஆட்டம் ஆடியதோடு நிறுத்திக்கொண்டது. முதல் டெஸ்ட் இரண்டே நாளில் தோல்வியில் முடிந்தது. கடல் கடந்து, சேமிப்பைக் கரைத்து வந்த ரசிகர்கள் மூன்றாம் நாள் டிக்கெட்டோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பதினொரு பேர் ஆடட்டும். அவுட்டானவன் வெளியே போகட்டும். டெஸ்டில் என்ன மண்ணோ அதே மண்ணைக் கொடுங்கள். டெஸ்ட் நடக்காத ஊரில், சேலத்திலோ திண்டுக்கல்லிலோ, வாயிலைத் திறந்து வையுங்கள். வருகிற அணியின் கேப்டனுக்குப் பந்து வீச அங்கே ஒரு பத்தொன்பது வயதுப் பையன் காத்திருக்கிறான்.